எழுதுகிறவரை வாசகர் எதற்காக நம்ப வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறர் எழுதியதைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. கட்டுரை, தன்வரலாறு, துறை நூல் என்று எது வந்தாலும் பார்ப்பேன். கையெழுத்துப்படியோடு கூடவே ஒரு சந்தேகமும் வந்துவிடும்: “நான் சொன்னால் நம்புவார்களா?” இதையே ஆளுக்கொரு விதமாகக் கேட்டார்கள், நானும் ஆளுக்கொரு விதமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருகட்டத்தில், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். எளிதானவை முதலில், என்னைத் திணறடித்தவை பின்னால்.

1. தகுதி, நம்பகத்தன்மை என்று ரெண்டாகப் பிரிக்கிறீர்களே, ரெண்டும் ஒன்றுதானே?

இல்லை. “இவருக்கு விஷயம் தெரியும்” என்பது ஒன்று. “இவர் நம்மிடம் எதையும் மறைக்கமாட்டார்” என்பது இன்னொன்று. முதலாவதைத் தகுதி என்றும் இரண்டாவதை நம்பகத்தன்மை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துறையைக் கரைத்துக் குடித்தும் நம்பமுடியாத ஆட்கள் உண்டு. மனதார நேர்மையாக, ஆனால் தப்பும் தவறுமாகச் சொல்பவர்களும் உண்டு. சிலர் ‘அதிகாரம்’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். அதைக் கேட்டாலே யாரோ உத்தரவு போடுவதுபோல் இருப்பதால் நான் தவிர்க்கிறேன்.

கிமு 4-ஆம் நூற்றாண்டில் பேச்சுக்கலை பற்றி எழுதிய அரிஸ்டாட்டில், பேசுகிறவர்மேல் நம்பிக்கை வர மூன்று காரணங்கள் சொன்னார்: விவேகம், நற்குணம், கேட்பவர்மேல் நல்லெண்ணம். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை பேச்சிலிருந்தே பிறக்க வேண்டும், பேசுகிறவருக்கு ஏற்கெனவே இருக்கும் பெயரிலிருந்து அல்ல என்றும் அவர் சொன்னார். கீழே வரும் பதில்களில் பாதி இதன் விரிவுதான்.

2. எனக்குப் பட்டமும் இல்லை, அந்தத் துறையில் வேலையும் இல்லை. நான் எழுதினால் யார் மதிப்பார்கள்?

எங்கே நின்றுகொண்டு எழுதுகிறீர்கள் என்று சொல்லிவிட்டால் மதிப்பார்கள். ஒரு விஷயத்தை அந்தத் தொழில் செய்பவராக எழுதலாம், அனுபவித்தவராக எழுதலாம், தேடித் திரட்டியவராக எழுதலாம். இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டும் எழுதலாம். நீரிழிவு பற்றி மருத்துவர் எழுதுவது வேறு, இருபது வருடமாக அதோடு வாழ்கிறவர் எழுதுவது வேறு. மருந்தின் அளவைப் பற்றி நோயாளி தீர்ப்புச் சொன்னால் சிக்கல். ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பித்த முதல் வாரத்தில் கை எப்படி நடுங்கியது என்பதையோ மருத்துவரால் எழுத முடியாது.

1887-இல் நெல்லி பிளை என்ற இளம் செய்தியாளர், மனநோயாளிபோல் நடித்து நியூயார்க்கின் மனநலக் காப்பகம் ஒன்றுக்குள் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்து எழுதினார். அவர் மருத்துவர் இல்லை. உள்ளே இருந்தவர், அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது: விசாரணை நடந்தது, காப்பகங்களுக்கான நிதியும் கூடியது. தகராறு வருவதெல்லாம் ஓரிடத்தில் நின்றுகொண்டு இன்னோர் இடத்துக் குரலில் பேசும்போதுதான்.

3. பட்டம் இருக்கிறது. பெயரோடு போட்டுவிட்டால் போதும்தானே?

எழுதும் பொருள் பட்டத்துக்குள் அடங்கினால் போடுங்கள், ஒரே ஒரு முறை. அடங்காவிட்டால் அது வாசகரைத் திசைதிருப்பும் வேலை. லைனஸ் பாலிங் 1954-இல் வேதியியலுக்கும் 1962-இல் அமைதிக்கும் நோபல் பரிசு பெற்றவர். வைட்டமின் சி நிறைய எடுத்துக்கொண்டால் சளி வராது என்று 1970-இல் எழுதினார். அவர் பெயரை நம்பி ஏராளமானோர் விழுங்கினார்கள். பின்னால் நடந்த சோதனைகளில், சாதாரண மக்களுக்குச் சளி பிடிப்பதை அது குறைக்கவில்லை என்றே தெரிந்தது. இரண்டு நோபல் பரிசுக்கே அடுத்த துறையில் செல்லுபடி இவ்வளவுதான் என்றால் நம் பட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

4. என்னைப் பற்றி நானே எழுதக் கூச்சமாக இருக்கிறது. தற்பெருமை ஆகிவிடாதா?

இந்தக் கூச்சத்துக்கு நம் மொழியில் இலக்கண விதியே இருக்கிறது. நூலுக்குப் பாயிரம், அதாவது முன்னுரை, எழுதத் தகுந்தவர்கள் என்று நன்னூல் ஒரு பட்டியல் தருகிறது: ஆசிரியரின் ஆசிரியர், அவரோடு படித்தவர், அவருடைய மாணவர், உரைகாரர். பட்டியலில் நூலாசிரியர் இல்லை. எவ்வளவு பெரிய காரியத்தைச் சாதித்திருந்தாலும் ‘தான்தற் புகழ்தல் தகுதி யன்றே’ என்று அடுத்த சூத்திரம் கதவைச் சாத்துகிறது. அதற்கடுத்த சூத்திரம் அதே கதவை நான்கு சந்தர்ப்பங்களில் திறந்தும் விடுகிறது: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றல் தெரியாதவர்கள் நடுவில், அவையில் வாதாடி வெல்லவேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம்.

முன்பின் தெரியாத வாசகருக்கு எழுதுகிற நாம் இரண்டாவது விலக்கில் வருகிறோம். ஆகவே தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் புகழாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள். “நூலகத் துறையில் நீண்ட அனுபவமும் ஆழ்ந்த புலமையும் கொண்டவர்” என்பதை யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். “பதினோரு வருடம் ஒரு நூலகத்தில் நூற்பட்டியல் தயாரித்தவர்” என்பது சரிபார்க்கக்கூடிய வாக்கியம். அதில் பெருமையும் இல்லை, அடக்கமும் இல்லை.

அணிந்துரை பற்றியும் ஒரு வார்த்தை. நூலைப் படிக்காமல் எழுதப்பட்ட அணிந்துரை இரண்டாவது பத்திக்குள் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பெரிய மனிதர் ஒருவரிடம் பொதுப்படையாக ஒரு பக்கம் வாங்கிப் போடுவதைவிட, உங்கள் நூலில் ஏதாவது ஓர் இடத்தை எடுத்துச் சண்டை போட்டிருக்கும் சிறிய ஆளின் அரைப் பக்கம் மேல்.

5. கட்டுரையில் எந்த இடத்தில் நம்பிக்கை பிறக்கிறது? முதல் வரியிலா?

பெரும்பாலும் எங்கோ நடுவில், நீங்கள் அலட்டிக்கொள்ளாமல் சொல்லிவிட்டுப் போகிற ஒரு சின்ன விவரத்தில். எனக்குத் தெரிந்த வேலையையே எடுத்துக்கொள்கிறேன். மெய்ப்புத் திருத்துவது, அதாவது அச்சுக்குப் போகுமுன் பிழை பார்ப்பது பற்றி ஒருவர் இப்படி எழுதுகிறார்: “மெய்ப்புத் திருத்துபவர் மிகுந்த கவனத்துடனும் பொறுமையுடனும் ஒவ்வொரு சொல்லையும் பார்க்க வேண்டும்.” இதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் வாழ்நாளில் ஒரு மெய்ப்பைக்கூடக் கண்ணால் பார்க்காதவரும் இதை எழுதலாம்.

இன்னொருவர் எழுதுகிறார்: “துணைக்கால் (ா) இருக்கவேண்டிய இடத்தில் ‘ர’ உட்கார்ந்திருக்கும். வேகமாகப் படிக்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒற்றுப்பிழையைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில், அடுத்த வரியில் இருக்கும் பிழையைத் தாண்டிப் போய்விடுவோம். தலைப்பில் இருக்கும் பிழையை யாரும் பார்ப்பதில்லை, அவ்வளவு பெரிய எழுத்தில் பிழை இருக்காது என்று கண் தானாக முடிவு செய்துவிடுகிறது.” இவர் தன் அனுபவத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. இருந்தும் இந்த மூன்று விவரங்களைப் படித்த வாசகர், நான்காவதாக இவர் எதைச் சொன்னாலும் கேட்கத் தயாராகிவிடுவார்.

என்ன வித்தியாசம்? முதல் ஆள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறார். இரண்டாவது ஆள் எங்கே வழுக்கும் என்று சொல்கிறார். ஒரு வேலையைச் செய்தவருக்குத்தான் அது எந்த இடத்தில் கெட்டுப்போகும் என்று தெரியும். அதனால் என்னிடம் வரும் கட்டுரைகளில் முதலில் நான் தேடுவது இதைத்தான். கிடைக்காவிட்டால், “இதில் நீங்கள் சொதப்பிய நாள் ஒன்றைச் சொல்லுங்கள்” என்று கேட்பேன். அப்புறம் அவர்கள் பேசுவதில்தான் நல்ல பகுதி வரும்.

ஓர் எச்சரிக்கை. விவரம் என்றால் அடுக்கிக்கொண்டே போவது இல்லை. கடிகாரத்தைப் பார்த்தபோது மணி 4.17, சுவரில் வெளிர்நீலம் என்றெல்லாம் தேவையில்லாமல் துல்லியம் காட்டினால், ‘இவர் எதற்கு இவ்வளவு சாட்சி சொல்கிறார்?’ என்று சந்தேகம்தான் வரும்.

6. கொஞ்சம் கனமான தமிழில் எழுதினால்தானே மரியாதை?

தேவையில்லாத இடத்தில் கடினமான சொற்களைப் போட்டால் எழுதியவரைப் பற்றி வாசகர் என்ன நினைக்கிறார் என்று டேனியல் ஒப்பன்ஹைமர் என்ற உளவியலாளர் சோதித்துப் பார்த்து 2006-இல் வெளியிட்டார். ஒரே விஷயத்தை எளிமையாகவும் கடினமாகவும் எழுதிக் கொடுத்ததில், கடினமாக எழுதியவரின் அறிவுக்குத்தான் குறைந்த மதிப்பெண். அந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பை மட்டும் வேண்டுமென்றே வாயில் நுழையாதபடி வைத்திருந்தார். சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசும் அதே ஆண்டு கிடைத்தது.

இதைப் படித்துவிட்டுத் துறைச்சொற்களையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ‘எடை’, ‘நிறை’ என்ற இரண்டும் இயற்பியலில் வேறு வேறு. அங்கே எளிமைக்காக ஒன்றை இன்னொன்றின் இடத்தில் போட்டால் விஷயம் தெரிந்தவர் அத்தோடு எழுந்து போய்விடுவார்.

7. உறுதியாகத் தெரியாத இடத்தில் ‘என்று கூறப்படுகிறது’ போட்டுத் தப்பித்துக்கொள்ளலாமா?

யாரால் கூறப்படுகிறது? இந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருந்தால் அந்தப் பதிலையே எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்த வாக்கியம் கட்டுரையில் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. ‘கருதப்படுகிறது’, ‘நம்பப்படுகிறது’, ‘ஆய்வுகள் தெரிவிக்கின்றன’ எல்லாம் இதே குடும்பம்தான். நான் திருத்தும்போது இவற்றைச் சிவப்பில் சுழித்துப் பக்கத்தில் ‘யார்?’ என்று மட்டும் எழுதுவேன். பத்தில் பாதி இடங்களில் அந்த வாக்கியமே காணாமல் போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால், கண்டதையும் கேட்டதையும் பிரித்துச் சொல்ல நம் மொழியில் ஒரே ஓர் ஒட்டு போதும். ‘வந்தான்’ என்றால் நான் உறுதி கொடுக்கிறேன். ‘வந்தானாம்’ என்றால் யாரோ சொன்னார்கள், பொறுப்பு என்னுடையது இல்லை. சின்னக் குழந்தைகூட இதைத் தப்பில்லாமல் பயன்படுத்தும். கட்டுரை எழுத உட்கார்ந்தால்தான் நமக்கு மறந்துபோகிறது. தொல்காப்பியத்தில் ‘என்ப’, ‘என்மனார் புலவர்’ என்று திரும்பத் திரும்ப வருகிறது. ‘புலமை உடையோர் சொல்வார்கள்’ என்று முன்னோர் மரபைக் கைகாட்டும் வழக்கு அது. அன்று கேட்டவருக்கு அந்தப் புலவர்கள் யார் என்று தெரிந்திருக்கும். இன்றைய வாசகருக்கு நாம் பெயரைச் சொல்லத்தான் வேண்டும்.

8. அப்படியானால் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் காட்ட வேண்டுமா? படிக்கிறவர்களுக்கு அலுத்துவிடாதா?

எல்லாருக்கும் தெரிந்ததற்கு வேண்டாம். வாசகர் ‘அப்படியா?’ என்று புருவத்தை உயர்த்தும் இடங்களில் வேண்டும். எண், ஆண்டு, பிறர் மேல் சொல்லும் குற்றம், கேட்பவருடைய உடலையோ பணத்தையோ பாதிக்கும் ஆலோசனை, இந்த நான்கிலும் கட்டாயம் வேண்டும். ஆதாரம் என்றால் அடிக்குறிப்புதான் என்று இல்லை. “1998-இல் வந்த இன்ன ஆய்வில்” என்று வாக்கியத்துக்குள்ளேயே சொல்லிவிட்டுப் போகலாம்.

அதைவிட முக்கியம், அந்த ஆதாரத்தை நீங்கள் திறந்து பார்த்தீர்களா என்பது. சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து தெரியும் என்பது பலகாலம் அச்சில் உலாவிய செய்தி. மனிதன் விண்வெளிக்குப் போவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அச்சேறிவிட்டது, அதாவது யாருமே பார்த்திராதபோது. 2003-இல் சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் திரும்பிவந்து, புவிச்சுற்றுப்பாதையிலிருந்துகூடத் தனக்கு அது தெரியவில்லை என்றார். அதுவரை அதை எழுதியவர்கள் எல்லாருக்கும் ஆதாரம் இருந்தது: ஒருவருக்கு இன்னொருவர். பத்துப் பேர் சொல்லியிருக்கிறார்கள் என்பது, அந்தப் பத்துப் பேரும் ஒரே ஆளிடமிருந்து எடுத்திருந்தால், ஒருவர் சொன்னதற்குச் சமம்தான்.

9. ஐன்ஸ்டைன் சொன்னது, காந்தி சொன்னது என்று ஆரம்பித்தால் நன்றாக இருக்குமே?

அவர்கள் சொல்லியிருந்தால். “உலகில் நீங்கள் காண விரும்பும் மாற்றமாக நீங்களே இருங்கள்” என்று காந்தி பெயரில் உலவும் வரி அவருடைய எழுத்துகளில் அந்த வடிவத்தில் இல்லை. எந்த நூல், எந்த உரை, எந்த ஆண்டு என்று சொல்ல முடியாத மேற்கோளை எடுத்துவிடுங்கள். கட்டுரை அதனால் சாய்ந்துவிடாது. சாய்ந்தால், அது ஏற்கெனவே சாய்ந்துதான் இருந்தது.

10. ‘தெரியவில்லை’ என்று எழுதினால் அரைகுறை என்று நினைக்கமாட்டார்களா?

உ.வே. சாமிநாதையர் 1894-இல் பதிப்பித்த புறநானூற்றை எடுத்துப் பாருங்கள். 267, 268-ஆம் பாடல்கள் சுவடிகளில் கிடைக்கவில்லை. அந்த எண்களில் வேறு எதையும் இட்டு நிரப்பவில்லை. சில பாடல்களில் ஏடு சிதைந்து போன இடங்கள் புள்ளிகளாகவே இருக்கின்றன. அவ்வளவு தமிழ் தெரிந்தவருக்கு அந்த இடத்தில் பொருத்தமாக ஒரு சொல்லைப் போடத் தெரியாதா? போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்தும் இருக்காது. அந்தப் புள்ளிகள் இருப்பதால்தான் புள்ளி இல்லாத வரிகளை நம்மால் நம்ப முடிகிறது.

ஆனால் ‘தெரியவில்லை’யைத் தெளிக்கவும் கூடாது. வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ஒருவேளை’, ‘ஓரளவு’, ‘எனக்குத் தோன்றுவது’ என்று போட்டால் அது அடக்கமாகத் தெரியாது, பயமாகத்தான் தெரியும். நிபந்தனை உண்மையிலேயே எங்கே இருக்கிறதோ அங்கே ஒருமுறை சொன்னால் போதும். “தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்” என்பதற்கு முன்னால் “கடல்மட்டத்தில்” என்று ஒரு சொல் சேர்த்தால் வாக்கியம் பலவீனப்படவில்லை, பலமாகியிருக்கிறது. எவரெஸ்ட் உச்சியில் அது ஏறக்குறைய 70 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்று தெரிந்த வாசகர் உங்களைப் பார்த்துத் தலையசைப்பார். “தண்ணீர் பொதுவாகக் கிட்டத்தட்ட 100 டிகிரியில் கொதிக்கலாம் என்று நினைக்கிறேன்” என்று எழுதினால் யாருக்கு என்ன லாபம்?

11. எதிர்க்கருத்தை நாமே எடுத்துக் கொடுக்க வேண்டுமா? வாசகருக்குத் தோன்றாத சந்தேகத்தை நாமே கிளப்பிவிட்ட மாதிரி ஆகாதா?

தோன்றாது என்று நினைப்பதே வாசகரைக் குறைத்து மதிப்பிடுவது. டார்வின் 1859-இல் உயிரினங்களின் தோற்றம் பற்றி வெளியிட்ட நூலில் ஆறாவது அத்தியாயம் முழுவதும் தன் கொள்கைக்கு எதிரான சிக்கல்களைப் பற்றியது. கண் போன்ற நுட்பமான உறுப்பு எப்படிப் படிப்படியாகத் தோன்றியிருக்க முடியும் என்ற கேள்வியை எதிரிகள் கையில் எடுப்பதற்கு முன்பே அவரே எடுத்துக்கொண்டார்.

நம் உரையாசிரியர்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு. பரிமேலழகர் தன் உரையைச் சொல்லிவிட்டு, ‘என்று உரைப்பாரும் உளர்’ என்று மாற்று உரையையும் பல இடங்களில் காட்டுவார். சில இடங்களில் அது ஏன் பொருந்தாது என்றும் சொல்லுவார். அவரோடு ஒத்துப்போகாதவர்கள்கூட அவரை ஒதுக்கிவிட முடியாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எதிர்க்கருத்தை அதைச் சொல்பவரே ஒத்துக்கொள்ளும்படி எழுத வேண்டும். அடிப்பதற்கு வசதியாக நோஞ்சானாக்கி நிறுத்தினால், இதற்கு அதை விட்டுவிட்டிருக்கலாம்.

12. தப்பு வந்துவிட்டது. சத்தமில்லாமல் திருத்திவிடலாமா?

எழுத்துப்பிழை என்றால் திருத்திவிட்டுப் போங்கள். தகவல்பிழை என்றால் என்ன இருந்தது, என்ன ஆக்கினீர்கள் என்று ஒரு வரி போடுங்கள். பழைய வடிவத்தைப் படித்துவிட்டு நாலு பேரிடம் சொன்னவர் எங்கோ இருக்கிறார்.

எனக்கு நடந்தது இது. ஒரு நூலுக்கு நான் எழுதிய முன்குறிப்பில் ஓர் ஆண்டைப் பத்து வருடம் தள்ளிப் போட்டுவிட்டேன். அடுத்த அச்சில் கமுக்கமாக மாற்றினேன். முதல் அச்சை வைத்திருந்த வாசகர் ஒருவர் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பி, “எது சரி?” என்று கேட்டார். அதில் கிண்டல் இல்லை, நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. பிழையைவிட அந்தக் கேள்விதான் உறுத்தியது.

டொனால்ட் நுத், கணினி நிரலாக்கம் பற்றிய தன் நூல்களில் பிழை கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 2008-வரை 2.56 டாலருக்குக் காசோலை அனுப்பிவந்தார். கணினித் துறையில் புழங்கும் பதினாறடிமான எண்முறையில் 256-ஐ 100 என்று எழுதுவார்கள், ஆகவே 256 சென்ட் ஒரு முழு டாலர் என்பது அவருடைய நகைச்சுவை. அவர் அனுப்பிய காசோலைகளைப் பலர் பணமாக்காமல் சட்டம் போட்டு மாட்டிவைத்தார்கள். தன் பிழைகளுக்கு இப்படி விலை வைத்தவரின் மதிப்பு ஏறித்தான் போனது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1966-இல் எலியட் அரான்சனும் கூட்டாளிகளும் செய்த சோதனையில், வினாடிவினாவுக்குத் தயாராகும் ஒருவரின் ஒலிப்பதிவை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஏறக்குறைய எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னவர் கடைசியில் காபியைத் தன்மேல் கொட்டிக்கொண்டதும் அவர்மேல் பிரியம் கூடியது. பாதிக்கு மேல் தப்பாகச் சொன்னவர் கொட்டிக்கொண்டபோது இருந்த பிரியமும் குறைந்தது. சறுக்கலை ஒத்துக்கொள்வது, மற்றதைச் சரியாகச் செய்திருப்பவருக்குத்தான் உதவும்.

13. புனைபெயரில் எழுதுகிறேன். முகம் தெரியாதவரை யார் நம்புவார்கள்?

புள்ளியியல் படித்த எல்லாருக்கும் ‘ஸ்டூடண்ட்’ என்ற பெயர் தெரியும். வில்லியம் கோசெட் என்பவர் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே 1908-இல் அந்தப் பெயரில் வெளியிட்ட முறையை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். கணக்கு சரியாக இருந்தது, யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். பெயர் தேவைப்படவில்லை.

‘என்னை நம்புங்கள், நான் பார்த்தேன்’ என்று சொல்லும் எழுத்துக்குத்தான் புனைபெயர் இடிக்கும். சரிபார்க்கக்கூடியதை எழுதும்வரை பிரச்சினை இல்லை. ஒரே பெயரில் தொடர்ந்து எழுதுங்கள், காலப்போக்கில் அதுவே முகமாகிவிடும். வேறொரு சாதியோ பாலினமோ தொழிலோ உடையவராகக் காட்டி, அந்த வேடத்தின்மேல் தகுதியை ஏற்றிக்கொண்டால் அது புனைபெயர் இல்லை, ஆள்மாறாட்டம்.

14. சொந்த அனுபவம்தான். சுவைக்காகக் கொஞ்சம் கூட்டி எழுதினால் என்ன?

அமெரிக்காவில் 2003-இல் போதையிலிருந்து மீண்டவரின் தன்வரலாறு ஒன்று வந்து பெருவெற்றி பெற்றது. 87 நாள் சிறையில் இருந்ததாக எழுதியிருந்தார். உண்மையில் அடைபட்டிருந்தது சில மணி நேரம்தான் என்று 2006-இல் வெளியானது. வேண்டியவர்களுக்குப் பதிப்பகம் பணத்தைத் திருப்பித் தரவேண்டி வந்தது. அவர் பட்ட அவதியில் நிஜமானதும் இருந்திருக்கும். அதையும் இனி யார் நம்புவது?

பெயரை மாற்றலாம், ஊரை மறைக்கலாம், இரண்டு பேரை ஒருவராக்கலாம், முதலிலேயே சொல்லிவிட்டால். ஞாபகத்திலிருந்து எழுதும் உரையாடல் சொல்லுக்குச் சொல் சரியாக இருக்காது என்று வாசகருக்கே தெரியும். நாளையும் எண்ணையும் கூட்டினால்தான் அது வேறு கதை.

15. நான் கதை எழுதுகிறவன். எனக்கு இதெல்லாம் எதற்கு?

ஐந்தாவது பதில் உங்களுக்கும் அப்படியே பொருந்தும், மற்றவை அவ்வளவாக இல்லை. 1719-இல் ராபின்சன் குரூசோ நாவல் வந்தபோது முகப்பில் அதை எழுதிய டீஃபோவின் பெயர் இல்லை, ‘அவரே எழுதியது’ என்று குரூசோ எழுதியதாகவே போட்டிருந்தது. அந்தத் தந்திரம் பலித்ததற்கு முகப்பு மட்டும் காரணமில்லை. உடைந்த கப்பலிலிருந்து எதை எதை எடுத்துவந்தான் என்ற கணக்கைப் படித்தவர்களுக்குச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

16. எழுதப்போகும் பொருளை இலவசமாகக் கொடுத்தார்கள். ஆனால் நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறேன். இதையும் சொல்ல வேண்டுமா?

வேண்டும். முதல் பத்தியிலேயே. நீங்கள் நேர்மையானவரா என்பதை முடிவு செய்யவேண்டியது வாசகர், அதற்கு அவருக்கு இந்தத் தகவல் வேண்டும். 1998-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட ஆய்வு வந்தது. பங்கேற்றவை வெறும் 12 குழந்தைகள். தடுப்பூசி நிறுவனங்கள்மேல் வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த வழக்கறிஞர் தரப்பிலிருந்து முதன்மை ஆய்வாளருக்குப் பணம் வந்தது அதில் சொல்லப்படவில்லை. 2004-இல் அது வெளியே வந்தது, 2010-இல் இதழ் அந்தக் கட்டுரையையே திரும்பப் பெற்றது. பணம் வாங்கியதை முதலிலேயே சொல்லியிருந்தால், அதைப் படித்த பெற்றோர் வேறு கண்ணால் படித்திருப்பார்கள்.

17. ஏஐ எழுதிக் கொடுத்ததை என் பெயரில் போட்டால் நம்பகத்தன்மை போய்விடுமா?

2023-இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த முன்வழக்குகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டினார்கள். அவற்றில் ஆறு வழக்குகள் உலகத்தில் நடக்கவே இல்லை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். கருவியைப் பயன்படுத்தியது குற்றம் என்று அவர் சொல்லவில்லை. வழக்குகளைத் திறந்து பார்க்காததும், கேள்வி எழுந்த பிறகும் அவற்றையே பிடித்துக்கொண்டிருந்ததும்தான் சிக்கல். எட்டாவது பதிலில் சொன்னதுதான் இங்கேயும்.

இன்னொரு இழப்பும் உண்டு, அது நீதிமன்றம்வரை போகாது. ஐந்தாவது பதிலில் வந்த ‘கவனத்துடனும் பொறுமையுடனும்’ என்ற வாக்கியத்தை இந்தக் கருவிகள் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் தரும். துணைக்கால் இடத்தில் ‘ர’ உட்காரும் கதையை, நீங்கள் சொல்லிக் கொடுக்காதவரை, உங்கள் கதையாகத் தராது.

18. இவ்வளவும் பார்த்துப் பார்த்து எழுதினாலும், வாய்க்கு வந்ததை எழுதுபவர்களைத்தானே எல்லாரும் படிக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு எனக்கு உற்சாகமான பதில் இல்லை. 1951-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஹொவ்லாண்டும் வால்டர் வைஸும் ஒரே கட்டுரையை இரண்டு குழுவுக்குக் கொடுத்தார்கள். அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் பற்றிய கட்டுரை என்றால், ஒரு குழுவிடம் எழுதியவர் அணு இயற்பியலாளர் ராபர்ட் ஓப்பன்ஹைமர் என்றும் இன்னொரு குழுவிடம் சோவியத் நாளேடான ப்ராவ்தா என்றும் சொன்னார்கள். படித்த உடனே, நம்பகமானவர் எழுதியதாக நினைத்தவர்களே அதிகம் மனம் மாறினார்கள். நான்கு வாரம் கழித்துக் கேட்டபோது அந்த வித்தியாசம் போய்விட்டிருந்தது. சொன்ன விஷயம் மனதில் தங்கியது, சொன்னவர் யார் என்பது அதிலிருந்து கழன்றுவிட்டது. வாய்க்கு வந்ததை எழுதுபவர்கள் பிழைப்பது இதனால்தான்.

1953-இல் ஹொவ்லாண்டும் ஹெர்பர்ட் கெல்மனும் இதையே கொஞ்சம் மாற்றிச் செய்தார்கள். சில வாரம் கழித்துக் கேட்கும்போது, பாதிப் பேருக்கு மட்டும் அதைச் சொன்னவர் யார் என்று நினைவூட்டினார்கள். அவர்களிடம் பழைய வித்தியாசம் திரும்பி வந்தது. அதைப் படித்ததிலிருந்து நான் ஒன்றைப் பழக்கிக்கொண்டேன். யார் சொன்னது என்பதைப் பக்கத்தின் அடியில் தள்ளாமல், சொன்ன விஷயத்தோடு ஒரே வாக்கியத்தில், முடிந்தால் முன்னாலேயே வைப்பது. “பெருஞ்சுவர் விண்வெளியிலிருந்து தெரியாது” என்று எழுதினால் அது என் வாய்ச்சொல். “போய்வந்த யாங் லிவெய் தனக்குத் தெரியவில்லை என்றார்” என்று எழுதினால், வாசகர் அதை அடுத்தவரிடம் சொல்லும்போது யாங் லிவெய்யும் கூடவே போவார்.